எழுந்து நின்றவர்

மாஸ்டருக்குக் குனிகிற பழக்கம் இல்லை. ஷூ கயிறு அவிழ்ந்தால்கூட காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துத்தான் கட்டுவார். உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருகிற எல்லோரிடமும் அவர் முதல் நாள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "நெஞ்ச நிமித்துங்க. உடம்பு ஆண்டவர் குடியிருக்கக் குடுத்த வீடு. வீட்டுக்காரர் வந்து பாக்கும்போது கூரை தொங்கிக்கிட்டு இருக்கக் கூடாது." ஐம்பத்தோரு வயதில் அவருடைய கூரை ஒரு அங்குலம்கூடத் தொங்கவில்லை. அதை அவரும் அடிக்கடி கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொள்வார்.

இதனால் தையல்காரருக்குத்தான் கஷ்டம். மாஸ்டருக்கு ஆறடி இரண்டங்குலம். தையல்காரர் அவர் நெஞ்சுக்கு வருவார். சட்டைக்கு அளவெடுக்கும்போது, "கொஞ்சம் குனிங்க மாஸ்டர், எட்டல" என்பார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு அங்குலம் நிமிர்வார். தையல்காரர் மூச்சிரைக்கப் போய், மிஷினுக்கு அடியில் கிடக்கும் மரப்பலகையை இழுத்து வந்து, அதன்மேல் ஏறி நின்று தோளை அளப்பார். இருபத்திரண்டு வருடமாக இதே கூத்து. இருவரும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் முதல் வரிசை, தையல்காரர் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம். ஜன்னலோரம் எதற்கென்றால் காற்றுக்கு. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா.

அந்த வருடம் அளவெடுக்கும்போது தையல்காரர் வலது கைச் சுற்றளவை இரண்டு முறை எடுத்தார். பிறகு இடது கையை எடுத்தார். பிறகு மறுபடியும் வலது கை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் எழுதினார்.

"என்ன டெய்லரே, டேப்பு பத்தலையா?" என்றார் மாஸ்டர்.

"டேப்புக்கு என்ன, தாராளமா இருக்கு" என்றார் தையல்காரர்.

மாஸ்டருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. காரணம் அவருக்குத் தெரியும். நாலு மாதமாக வலது கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. முதலில் தண்ணீர்ப் பாட்டில் மூடி திறக்க வரவில்லை. அப்புறம் காப்பி டம்ளர் நழுவியது. அப்புறம் ஒரு நாள் காலையில், தினமும் விளையாட்டாகத் தூக்கும் எடையைத் தூக்கப் போனபோது விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. இரும்பு ரப்பர் விரிப்பில் விழுந்து உருண்டது. "கை வேர்த்திடுச்சு" என்று சொல்லிச் சமாளித்தார். அன்றிலிருந்து அவர் எதையும் செய்து காட்டுவதில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்று வாயால் சொல்லிக் கொடுக்கிறார். "மாஸ்டர் ரொம்ப கண்டிப்பாயிட்டார்" என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் அவர் கையில் பிடியின் பலத்தை அளக்கும் கருவியைக் கொடுத்தார். ஒல்லியானவர், மாஸ்டர் ஊதினால் பறந்துவிடுவார் போலிருந்தார்.

"அமுக்குங்க."

மாஸ்டர் அமுக்கினார்.

"இன்னும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார்.

"அவ்வளவுதானா?"

அந்தக் கேள்வியில் கேலி எதுவும் இல்லை. டாக்டர்கள் எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனாலும் மாஸ்டருக்கு யாரோ எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தசைகள் மெல்ல மெல்ல இளைக்கும் நோய் என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தால் வேகத்தைக் குறைக்கலாம். போன பலம் மட்டும் திரும்பி வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கணக்கு டீச்சர். அழுகிறவளில்லை. வெளியே வந்ததும், "சபைல சீட்டு எழுதிப் போடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றீங்க. உங்களுக்கு மட்டும் என்ன, வேற கடவுளா?"

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் பக்கம் மரப்பெட்டி இருக்கும். ஜெபம் வேண்டுகிறவர்கள் சீட்டு எழுதி அதில் போடுவார்கள். பெயர் எழுதக் கூடாது. போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். யாருடைய சீட்டோ அவர் விரும்பினால் எழுந்து நிற்கலாம், விரும்பாவிட்டால் உட்கார்ந்தே இருக்கலாம். நிற்பவரின் தோளில் மற்றவர்கள் வந்து கை வைப்பார்கள். முதலில் போகிற ஆள் எப்போதும் மாஸ்டர்தான். அவர் எழுந்தால்தான் மற்றவர்களும் எழுவார்கள். அவருடைய அகலமான, சூடான கை தோளில் விழுந்தால் பாதி நோய் அங்கேயே போய்விடும் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மனிதர் மனசாரத்தான் ஜெபிப்பார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. சனிக்கிழமை காலைகளில் சபைக் கூடத்தில் இலவசமாக உடற்பயிற்சி வகுப்பு எடுப்பார். அங்கே ஒரு முறை, "நான் பொறந்ததுல இருந்து ஒரு சீட்டு எழுதினதில்ல. நோயில பாதி சோம்பேறித்தனம், மீதிப் பாதி அவநம்பிக்கை" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசைத் தையல்காரர் கையைத் தலைக்குமேல் தூக்கியபடி, மூச்சு வாங்க, தானும் சேர்ந்து சிரித்தார். வருடத்துக்குப் பத்துச் சீட்டாவது எழுதுகிறவர் அவர். மாஸ்டரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது அதே மாஸ்டர் தனி அறையில் மண்டியிட்டு வேறு மாதிரி ஜெபித்துக்கொண்டிருந்தார். ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் சரி பண்ணிவிடும். தெரியாமல் என்பதில்தான் அவருக்கு அழுத்தம். ஆரோக்கியத்தை இத்தனை வருடமும் நல்ல பிள்ளைக்குக் கிடைத்த பரிசுக் கோப்பை மாதிரி அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவர். கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன அர்த்தம்? தான் நல்ல பிள்ளை இல்லை என்றுதானே? அப்படித்தானே மற்றவர்களைப் பற்றி அவர் நினைத்திருந்தார்?

மூன்று மாதம் மனைவி விடவில்லை. "நீங்க எழுதறீங்களா, இல்ல நான் பேரோட எழுதட்டுமா?" என்று ஒரு ஞாயிறு காலை கேட்டாள். டீச்சர் சொன்னால் செய்வாள். மாஸ்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அவள் கண்ணெதிரே பெட்டியில் போட்டார்.

ஆராதனையில் போதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "ஒரு சகோதரருக்காக. வலது கையில் பலம் குறைந்துகொண்டே வருகிறது. அவருடைய தொழிலே கையில்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது."

கடைசி இரண்டு வார்த்தைகளை எழுதியது மாஸ்டருக்கே நினைவில்லை. பின்னால் பெஞ்சுகள் முனகின. கையால் பிழைக்கிறவர்கள் அங்கே எத்தனை பேர்? தலைகள் திரும்பத் தொடங்கின. அதில் இரண்டு மூன்று தலைகள் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. மாஸ்டர் மேலே சுற்றும் மின்விசிறியை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். எழுந்திரு என்று உள்ளே ஒரு குரல் சொல்லியது. முழங்கால்கள் அசையவில்லை. மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

அப்போது மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம், ஒருவர் எழுந்து நின்றார். தையல்காரர்.

சபை முழுக்க 'அடடா' என்று ஒரு மூச்சு விட்டது. ஆமாம், வேறு யாராக இருக்கும்? பாவம், ஆஸ்துமா போதாதென்று இப்போது கையுமா? எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள், முதலில் போகிறவர் அவரல்லவா? மாஸ்டர் எழுந்தார். இப்போது மட்டும் முழங்கால்கள் ஒழுங்காக வேலை செய்தன. நடந்துபோய்த் தன் நோய்க்காக இன்னொருவர் தோளில் கை வைத்தார். அந்தத் தோள் மெலிந்து, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. தையல்காரர் கண்களை மூடியிருந்தார். மாஸ்டர் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மற்றவர்கள் அவர் உருகி அழுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கணக்கு சரியா வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

சபையாரின் அன்பு லேசுப்பட்டதில்லை. பிடித்தால் விடாது. அடுத்த மூன்று வாரமும் தையல்காரர் கடைக்கு வந்தவர்கள் தைலம் கொண்டுவந்தார்கள், கையில் வைத்து அமுக்க ரப்பர் பந்து கொண்டுவந்தார்கள், தங்கள் மாமாவுக்கு இதே மாதிரி வந்து எப்படிக் கஷ்டப்பட்டுச் செத்தார் என்று விலாவாரியாகச் சொல்லி ஆறுதல் தந்தார்கள். தைக்கத் துணி மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. "கைக்கு ஓய்வு வேணும் அண்ணே" என்று வேறு கடைக்குப் போனார்கள். பாடகர் குழுவை நடத்துகிற அம்மா ஆராதனை முடிந்ததும் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், நம்ம டெய்லர் கைக்கு ஏதாச்சும் எக்சர்சைஸ் சொல்லிக் குடுங்களேன். உங்களுக்குத் தெரியாததா?"

"சொல்றேன்மா."

"முப்பத்திரண்டு அங்கி அவர்கிட்டத்தான் தைக்கக் குடுக்கறதா இருந்துச்சு. இந்த நிலைமைல எப்படிக் குடுக்க? மனசு கேக்கல. ரெடிமேட் கடைல சொல்லிட்டேன். புதன்கிழமை போய் உறுதி பண்ணணும். அவருக்குச் சொன்னப்போ ஒண்ணும் பேசல, சரிம்மானுட்டார். தங்கமான மனுஷன்."

மாஸ்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அன்று பிற்பகலே கடைக்குப் போனார். ஞாயிறு என்பதால் பாதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தையல்காரர் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தைக்காத மிஷினுக்கு எதற்கு எண்ணெய்? அலமாரியில், வழக்கமாகத் தைத்த துணிகள் அடுக்கியிருக்கும் இடத்தில், ஏழு ரப்பர் பந்துகள் வரிசையாக இருந்தன.

"வாங்க மாஸ்டர். பந்து வேணுமா? கலர் பாத்து எடுத்துக்கோங்க" என்றார் தையல்காரர்.

மாஸ்டர் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் இருவர் கண்களும் ஒரே உயரத்துக்கு வந்தன.

"எப்படித் தெரியும்?"

தையல்காரர் அளவு நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். மாஸ்டரின் பக்கம். இருபத்திரண்டு வருடம் ஒன்றன் கீழ் ஒன்றாக. வலது கை பதினாறரை, பதினாறரை, பதினாறரை என்று ஒழுங்காக இறங்கி வந்து, கடைசி வரியில் பதினஞ்சு என்று நின்றது. பக்கத்தில் இடது கை பதினாறு. கடைசி வரியின் கீழே பென்சிலால் மெல்லிய கோடு இழுத்திருந்தது.

"அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்லாம நான் எப்படிக் கேக்கறது?"

"அதுக்காக எழுந்து நிக்கணுமா? உங்க சீட்டா அது?"

"எல்லாரும் உங்க பக்கம் திரும்ப ஆரம்பிச்சாங்க மாஸ்டர். உங்க காது பின்னாலேர்ந்து பாத்தா செவப்பா இருந்துச்சு. எனக்கு என்னமோ பொறுக்கல. நின்னுட்டேன். நிக்கறது எனக்குப் பழக்க தோஷம்."

"பொய்யில்லையா அது?"

தையல்காரர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். "நானும் அத யோசிச்சேன். எனக்காக வேண்டிக்கோங்கன்னு நின்னேன். அது எந்த நாளும் உண்மைதான். என் கை நல்லாயிருக்குனு அப்புறமா சொல்லியிருக்கணும். சொன்னா, அப்ப யாருதுன்னு கேப்பாங்க. அங்கதான் மாட்டிக்கிட்டேன்."

"என்மேல கோபம் இல்லையா?"

"இருக்கு. அங்கி போனதுல நல்லாவே கோபம் இருக்கு. உங்க மேலயா என் மேலயானு இன்னும் பிரிச்சுப் பாக்கல." அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மாஸ்டர் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், இடது கையால்.

தண்ணீர் குடித்த பிறகு தையல்காரர் மெதுவாகச் சொன்னார். "முதல் தடவ நின்னப்போ எனக்கு இருபது வயசு. பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. அப்புறம் தோள்ல கை விழுந்துச்சு பாருங்க. ஒண்ணு, ரெண்டு, நாலு. ஆஸ்துமா போகல. இன்னி வரைக்கும் போகல. ஆனா அந்த ரெண்டு நிமிஷம் நான் தனியா இல்ல. நிறைய கை வாங்கியிருக்கேன் மாஸ்டர். உங்க கைதான் அதுல நல்ல கனம். ஆண்டவர் கை வச்சா இப்படித்தான் இருக்கும்போலனு நினைச்சிருக்கேன். உங்களுக்கு அது தெரியாது. நீங்க எப்பவும் மேல இருந்து வைக்கற ஆளு."

மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார். இவ்வளவு காலம் அதை எத்தனையோ கண்ணாடியில் பார்த்திருக்கிறார். கீழேயிருந்து அது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. சோம்பேறித்தனம், அவநம்பிக்கை என்று தான் சொன்னதும், இந்த மனிதர் கையைத் தூக்கியபடி சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

"அன்னிக்கு வகுப்புல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க. எந்த வகுப்புல, எதுன்னு கேட்டா நாள் முழுக்க ஆகும்" என்றார் தையல்காரர்.

மாஸ்டர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து, அங்கிருந்தே பாடகர் குழு அம்மாவுக்கு ஃபோன் செய்தார். "அங்கிய உறுதி பண்ணாதீங்க. ஒரு வாரம் பொறுங்க. ஞாயித்துக்கிழமை காரணம் சொல்றேன்" என்றார். தையல்காரர் ஒரு ரப்பர் பந்தை எடுத்து அவர் மடியில் போட்டார்.

அந்த வாரம் மாஸ்டர் நாலு சீட்டு எழுதிக் கிழித்தார். ஐந்தாவதை மனைவியிடம் காட்டினார். அவள் வாசித்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, அவர் சட்டைப் பையில் வைத்தாள். பைக்கு மேல் ஒரு நொடி கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் நாலு சீட்டு வாசித்தார். ஐந்தாவதைப் பிரித்தவர் ஒரு கணம் நிறுத்தி, முதல் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாசித்தார். "போன மாசம் கைக்காக வாசித்த சீட்டு என்னுடையது. எழுந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்குப் பதிலாக ஒருவர் நின்றார். அவருடைய கை நன்றாக இருக்கிறது. அங்கிகளை அவரே தைக்கலாம். நோயாளிகளைப் பற்றி நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கை பலம் திரும்பாது என்கிறார்கள். திரும்பாவிட்டாலும் நான் நன்றாக இருக்க ஜெபியுங்கள்."

மாஸ்டர் எழுந்து நின்றார். ஆறடி இரண்டங்குலமும் நின்றது. மறைக்க ஒரு மூலை இல்லை. பேன்ட் துணி நடுங்குவது பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியுமே என்று நினைத்தார். தெரியட்டும் என்றும் நினைத்தார்.

யாரும் வரவில்லை.

கல்நெஞ்சமெல்லாம் இல்லை. எப்போதும் முதலில் எழுந்து போகிறவர் மாஸ்டர். அவரே நின்றுகொண்டிருந்தால் யார் ஆரம்பிப்பது என்று அந்தச் சபைக்குத் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர்கூடக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். மாஸ்டர் காத்திருந்தார். வாழ்க்கையில் அவர் எடுத்த எந்தப் பயிற்சியும் அந்த அரை நிமிடம் நின்றதைப் போலக் கடினமாக இருந்ததில்லை.

பிறகு ஜன்னல் பக்கமிருந்து அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. வரிசையைத் தாண்டி, நடுப்பாதையில் மெதுவாக வந்து, அவருக்கு முன்னால் நின்றது. தையல்காரர் கையைத் தூக்கினார். தோளுக்கு எட்டவில்லை. எக்கிப் பார்த்தார், அப்போதும் எட்டவில்லை. சபையில் பலகை ஏது?

"கொஞ்சம் குனிங்க மாஸ்டர்" என்றார், கடையில் சொல்கிற அதே குரலில்.

மாஸ்டர் குனிந்தார். தலை, பிறகு தோள், பிறகு முதுகு. பெஞ்சின் கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். தோளில் கை விழுந்தது. எலும்பும் தோலுமான சின்னக் கை. மிஷின் எண்ணெய் வாசனை. கனமே இல்லை. ஆனால் அது விழுந்ததும் மாஸ்டருக்கு மாதக்கணக்காக, இல்லை, அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. அவர் சத்தமாகவே அழுதார்.

பின்னால் பெஞ்சுகள் முனகின. நிறையக் காலடிகள் கேட்டன. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிரப் பார்த்தார். அந்தச் சின்னக் கை அவர் தோளை லேசாக அழுத்தியது.

"அப்படியே இருங்க மாஸ்டர்" என்றார் தையல்காரர். "மத்தவங்களும் வர்றாங்க."